‘தேரா’ என்னுஞ் சொல்: சிலம்பின் வழக்குகளும் மறுவிசாரணையும்

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பற்றித் தமிழில் எழுந்த கட்டுரைகள் பல. அவற்றுட் பெரும்பாலன கண்ணகியின் சீற்றத்தையோ பாண்டியனின் மானவுணர்ச்சியையோ ஊழின் வலியையோ பொருளாகக் கொண்டன. அக்காதை ஒரு வழக்கின் விசாரணை என்பதும், அதுவும் முதல் விசாரணை அன்று, மறுவிசாரணை என்பதும் போதிய அளவு எண்ணப்படவில்லை. காதையின் பெயரே வழக்குரை என்று இருக்கவும், உரையின் அழகில் தோய்ந்த நாம் வழக்கை மறந்தோம். அவ்வழக்கின் நடைமுறையை நோக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். கண்ணகி பாண்டியனை விளிக்குமிடத்து அவனைக் கொடியோன் என்றிலள். கொலைஞன் என்றும் கூறிலள். ‘தேரா’ மன்னன் என்றாள். கொலைக்களக் காதையில், பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு நின்ற பாண்டியனைச் சுட்டுமிடத்து இளங்கோவடிகளும் ‘தேரான்’ என்றே கூறுதல் காண்க. புலவர் கூற்றும் பாத்திரத்தின் கூற்றும் ஒரே சொல்லில் வந்து கூடுவது தற்செயல் ஆகாது. அவன் தவறான முடிவுக்கு வந்தான் என்பதன்று இச்சொல்லின் பொருள். முடிவுக்கு வருமுன் செய்தற்குரியதைச் செய்திலன் என்பதே பொருள். தேர்ந்தும் பிழைபட்டவன் வேறு. தேராமையாற் பிழைபட்டவன் வேறு. முன்னவன் பிழை தீர்ப்பின் பிழை. பின்னவன் பிழை முறையின் பிழை. கண்ணகி சாட்டிய குற்றம் பின்னது.

முறை என்னுஞ் சொல்லையும் ஈண்டு நோக்குதல் தகும். ஒழுங்கும் முறை, நீதியும் முறை. குறையுடையார் அரசனிடஞ் சென்று செய்வதும் முறையிடுதலே. செய்யும் நெறியும் செய்து அடையும் பயனும் தமிழில் ஒரு பெயர் பெற்றன. திருவள்ளுவர் செங்கோன்மையின் முதற் குறளில் முறைக்கு இலக்கணம் கூறப் புகுந்து, ஓர்தலையும் கண்ணோடாமையையும் தேர்தலையும் அவ்விலக்கணத்தின் உறுப்பாக்கினார். தண்டனையின் அளவைப் பற்றி ஆண்டு ஒன்றும் கூறினாரல்லர்.

யாம் இவ்வாராய்ச்சியிற் புகுதற்கு வேறொரு காரணமும் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியின் மேற்பகுதியிற் செல்வார்க்குத் திருச்செங்கோட்டு மலை தொலைவிலேயே தோன்றும். குன்றக்குரவையில் முருகன் உறையும் இடங்களை எண்ணுமிடத்துச் செங்கோடும் எண்ணப்பட்டுள்ளது. மதுரையை நீங்கிய கண்ணகி ஏறிய நெடுவேள் குன்றம் இத்திருச்செங்கோடே என்று கருதிய ஒரு சாரார் பழைய உரைமரபில் இருந்தனர். அடியார்க்குநல்லார் அதனை உடன்பட்டிலர். வஞ்சிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு மிகுதி. சேரன் மலைவளம் காணச் சென்று அன்றே நகர் மீண்டான் எனக் காப்பியம் கூறுதலின் அது பொருந்தாது என்பது அவர் வாதம். வாதம் வலியது, யாமும் அதனையே ஏற்கின்றோம். எனினும் இச்சமவெளி மக்கள் நினைவில் மலையும் கண்ணகியும் ஒருங்கு நிற்பதை உரையாசிரியரின் மறுப்பு முற்றும் அழித்ததில்லை.

அம்மலைக்கோயிலிலிருந்து 2015ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் என்னும் இளைஞர், பொறியியற் கல்வி முடித்தவர், கடத்திச் செல்லப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையத்தை அடுத்த இருப்புப்பாதையில் அவர் உடல் கிடந்தது. அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். வேறொரு சாதியைச் சேர்ந்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தமையே கொலைக்கு ஏது என்பது அரசுத் தரப்பின் வழக்கு. விசாரணை நாமக்கல்லில் தொடங்கிற்று. சாட்சிகள் பிறழ்ந்தனர். இறந்தவரின் தாய் உயர் நீதிமன்றத்தை அணுக, வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் பதின்மர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று, ஐவர் விடுவிக்கப்பட்டனர். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை செய்தது கருதத்தக்கது. முன்னர்ப் பிறழ்ந்த முதன்மைச் சாட்சியைத் தானே மீள அழைத்தது. 2023 சனவரியில் நீதிபதிகள் இருவரும் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கே சென்று இடத்தை நேரிற் கண்டனர். பின்னர் 2023 சூன் 2ஆம் நாள் தண்டனையைப் பெரும்பாலும் உறுதிசெய்தனர்.

ஒரு விசாரணை பழுதுபட்டதென்று ஐயம் எழுந்தால் மேல் நீதிமன்றத்தின்முன் வழிகள் மூன்று. பழுது சிறிதாயின் பொறுத்து மேற்செல்லலாம். விடுபட்ட சான்றைத் தானே பெற்று நிரப்பலாம். அவ்விரண்டும் ஆகாவிடின் முழுவதையும் அழித்து, முதலிலிருந்து மீள விசாரிக்குமாறு ஆணையிடலாம். மேற்கூறிய வழக்கில் உயர் நீதிமன்றம் மேற்கொண்டது இரண்டாவது வழி. மூன்றாவது வழி எப்போது தகும்? இவ்வினாவோடு சிலம்பை மீளப் படித்தபோது, அக்காப்பியத்துள் வழக்கு ஒன்றன்று, நான்கு உள என்பது எமக்குப் புலனாயிற்று.

அவற்றை ஆராயுமுன் இக்காலச் சட்டத்தின் நிலையைச் சுருங்கக் கூறல் வேண்டும். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், விசாரணைப் பிழைகளைப் பற்றி ஓர் இயலே உண்டு. 2024 சூலை 1 முதல் நடப்புக்கு வந்துள்ள புதிய சட்டமும் அதனைப் பெரிதும் அவ்வாறே கொண்டுள்ளது. அவ்வியல் பிழைகளை இருவகைப்படுத்துகின்றது. அதிகாரமில்லா நீதித்துறை நடுவர் விசாரித்துத் தீர்ப்பளித்தல் போல்வன முழுவதையும் செல்லாதாக்கும். ஏனையவற்றை, அவற்றால் நீதி தவறியது என்று காட்டினாலன்றி, மேல் நீதிமன்றம் பொருட்படுத்தலாகாது என்கின்றது 465ஆம் பிரிவு.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இது புதிதன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம் தொடங்கிச் சொல்லிலக்கணமுடையார் வழு, வழாநிலை, வழுவமைதி என்று பகுத்துக் கூறுவர். ஆவொன்றை உவப்பினால் அம்மை என்றல் திணைவழுவே. ஆயினும் பொருள் கெடாமையானும் ஏதுவுண்மையானும் அமைத்துக்கொள்வர். பொருளே மாறி விளங்குமாயின் அமைத்தல் இல்லை. 465ஆம் பிரிவு சட்டத்தின் வழுவமைதி என்று கூறின் தவறாகாது. சம்மனில் ஒரு நாள் பிழைபட எழுதப்படுதலும், ஒருவன் தன்மேற் சாட்டப்பட்ட குற்றம் யாதென்றே அறியாது தண்டிக்கப்படுதலும் இரண்டும் முறைகேடு என்னும் ஒரு சொல்லால் வழங்கப்படுதலே குழப்பத்துக்குக் காரணம். முன்னதை முறைவழு என்றும் பின்னதை முறையழிவு என்றும் இக்கட்டுரையளவில் வேறுபடுத்தி வழங்குவோம்.

உச்ச நீதிமன்றம் 1963இல் உகா கோல்ஹே வழக்கில் மறுவிசாரணைக்கு எல்லை வகுத்தது. விசாரித்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இன்மை; உண்மையில் விசாரணையே நிகழவில்லை என்னுமளவு பெருங்கேடு; தன் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் ஒரு தரப்பு இன்றியமையாச் சான்றை முன்வைக்க இயலாமை: இவை போன்ற அருநிலைகளிலன்றி மறுவிசாரணை கூடாது. அரசுத் தரப்பு தன் வழக்கின் ஓட்டையை அடைத்துக்கொள்ளற்கு அது கருவியாதலும் கூடாது. இவ்வரையறையின் பிற்பகுதியே பலராலும் மறக்கப்படுவது. மறுவிசாரணை என்றவுடன் அதனை நீதிக்குக் கிடைத்த வெற்றியாகவே கொண்டாடுவோர், ஒருவனை ஒரே குற்றத்துக்கு மீண்டும் மீண்டும் கூண்டில் ஏற்றுதல் தானே ஒரு தண்டனை என்பதை எண்ணுவதில்லை.

இனி, மதுரைக்குச் செல்வோம்.

கோவலன்மேல் நிகழ்ந்ததை விசாரணை என்று கூறுதல் உபசார வழக்கே. பாண்டியன் அப்போது அவையில் இருந்தானல்லன். கூத்தியர் ஆடல்பாடலில் அரசன் மனம் சென்றதென ஊடிப்போன தேவியின் சினந்தணிக்கும் பொருட்டு அவள் கோயிலை நோக்கிச் சென்றுகொண்டிருந்தான். அவ்வழியிடையே பொற்கொல்லன் வந்து வணங்கித் தன் சொல்லைச் சொன்னான். அரசன் ஊர்காவலரை அழைத்தான். சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்றான். ஆணை இவ்வளவே.

இதன் அமைப்பைக் காண்க. இது தீர்ப்பன்று, ‘ஆயின்’ என்னும் நிபந்தனையோடு கூடிய ஏவல். நிபந்தனை நிறைவேறிற்றா என்று துணியும் பொறுப்பை அரசன் தன்பாற் கொள்ளவில்லை, காவலரிடம் விட்டான். தேர்தல் அரசன் தொழில். பிடித்தல் காவலர் தொழில். தேர்தலையும் காவலர்பால் ஒப்புவித்தமையால் இரண்டும் ஒரு கையிற் சேர்ந்தன. கொல்வதற்கு அவனைச் சிலம்பொடு கொணர்க எனக் கூறக் கருதியவன் வினைவயத்தால் ‘கொன்று’ என வாய்சோர்ந்தான் என்று விளக்கும் உரைமரபு ஒன்றுண்டு. அவ்விளக்கம் பாண்டியனைக் காத்தற்கு எழுந்தது என்பது வெளிப்படை. ஆயினும் அது தன்னையறியாதே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றது: ஒரு வினையெச்சத்துக்கும் மற்றொரு வினையெச்சத்துக்கும் இடையே ஓர் உயிர் நின்றது, அவ்விடைவெளியில் இருந்திருக்க வேண்டியது விசாரணை.

அடுத்தது சான்று. கள்வன் என்பதற்குச் சிலம்பு கையிலிருத்தலன்றி வேறு சான்று வேண்டப்படவில்லை. களவுபோன பொருளை அணித்தே தன்பால் வைத்திருப்பவனைக் கள்வன் என்றோ, களவென்று அறிந்து பெற்றவன் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும் 114ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டிற் கூறிற்று. ஆதலின் பாண்டியன் கொண்ட ஊகம் காட்டாள் ஒருவனின் ஊகம் அன்று. நீதிமன்றங்கள் நாள்தோறும் கொள்ளும் ஊகமே. ஆனால் சட்டத்தின் அவ்வெடுத்துக்காட்டில் ஒரு விலக்கு உண்டு: அப்பொருள் தன்பால் வந்த வழியை அவன் கூற இயலாவிடின் என்பதே அது. கூற இயலுமா எனக் கோவலனை வினவினார் எவரும் இலர். வினவாமை மட்டுமன்று, குற்றம் சாட்டப்பட்டுள்ளது என்பதே அவனுக்கு அறிவிக்கப்படவில்லை. அரசன் ஏவலாற் சிலம்பு காண வந்தோர் இவர் என்று கூறியே பொற்கொல்லன் காவலரைக் காட்டினான். தான் விலை பேசுகின்றோம் என்று கருதிய நிலையிலேயே கோவலன் வெட்டுண்டான்.

காவலர் நடுவே நிகழ்ந்த உரையாடலை யாம் இக்காப்பியத்தின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றாகக் கருதுகின்றோம். இவன் தோற்றம் கொலைக்குரியான் தோற்றமன்று என்று அவர்கள் தயங்கினர். தயக்கத்தை நீக்கப் பொற்கொல்லன் களவுநூல் பேசினான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்றான், கதையும் கூறினான். சாட்சி இங்கே வல்லுநனாகவும் மாறிவிட்டான். கள்வன் களவுநூலில் வல்லவனாயிருத்தல் இயல்பே என்பது படிப்பார்க்குத் தெரியும், காவலர்க்குத் தெரியாது. வேலேந்திய இளைஞன் ஒருவன் தான் ஓரிரவு கண்ட கள்வனைப் பற்றிக் கூறி, செய்வது யாதென மற்றவரை வினவினான். கலந்தாய்வு முடியவில்லை. அதற்குள் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசினான். முறையழிவுக்கு இதனினும் தெளிவான ஓவியம் தமிழில் இல்லை. அதிகாரமில்லார் துணிந்தனர், குற்றவாளியே சான்று கூறினான், எதிரி கேட்கப்படவில்லை, துணிவும் ஒருமித்த துணிவன்று.

தில்லியில் 1997இல் பேருந்தில் வெடித்த குண்டு தொடர்பான வழக்கில் எதிரி ஒருவர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்க்கு வழக்கறிஞர் துணை முறையாகக் கிடைக்கவில்லை என்பதை உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் 2012இல் உடன்பட்டனர். ஆனால் விடுதலையா மறுவிசாரணையா என்பதில் வேறுபட்டனர். மூவர் அமர்வு மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. எதிரி பேச வழியின்றி முடிந்த விசாரணை விசாரணையே அன்று என்பது அதன் உட்கிடை. கோவலன் வழக்கு அதனினும் ஒருபடி மேற்பட்டது. அவனுக்கு வழக்கறிஞன் இல்லாமை ஒருபுறமிருக்க, வழக்கே இல்லை.

இனி மறுவிசாரணை. வாயிலோன் உரைத்தவுடன் கண்ணகி உள்ளே அழைக்கப்பட்டாள். அரசன் அவளை யார் என வினவினான்; அவள் கூறினாள்; கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று என அரசன் தன் தரப்பைக் கூறினான். இதன்பின் நிகழ்ந்ததன் வரிசையில் எம் கருத்து நிற்கின்றது. கண்ணகி முதலில் தன் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம் என்றாள். அதன்பின்னரே அரசன் தன் தேவியின் சிலம்பில் உள்ளவை முத்து என்றான். இருவர் கூற்றும் முடிந்த பின்னரே சிலம்பு கொணரப்பட்டு முன் வைக்கப்பட்டது. அதன்பின் உடைக்கப்பட்டது. அரசன் முன்னர்க் கூறியிருப்பின் கண்ணகி கேட்டுச் சொன்னாள் என்ற ஐயம் பிறக்கும். சிலம்பு முன்னரே உடைபட்டிருப்பின் கண்டு சொன்னாள் என்ற ஐயம் பிறக்கும். இவ்விரண்டற்கும் இடமின்றி அடிகள் இவ்வரிசையை அமைத்தார். பொருளை அடையாளங்காட்டச் செய்வதில் இன்றும் கொள்ளத்தக்க ஒழுங்கு இதுவே. முதல் விசாரணை சான்றின்றி நிகழ்ந்தது. இரண்டாவது ஒரே சான்றால் முடிந்தது.

வேறு ஒன்றையும் நாம் மறத்தல் கூடாது. கொலையுண்டவன் போயினும் சான்றுப்பொருள் அரண்மனையில் இருந்தது. அது உருக்கப்பட்டிருந்தால்? பொற்கொல்லன் கையிலேயே விடப்பட்டிருந்தால்? மறுவிசாரணைக்கு உரிமை இருந்தும் பொருள் இராது. பல்லாண்டு கழித்து மறுவிசாரணை கோருவார் எதிர்கொள்ளும் இடர் பெரும்பாலும் இதுவே, சாட்சிகள் மறைவர், மறப்பர், அஞ்சுவர், பொருள்கள் அழியும்.

அம்மறுவிசாரணையும் குறையற்றதன்று. எவன் ஆணை வினாவுக்கு உள்ளாயிற்றோ அவனே நடுவனாக அமர்ந்தான். பொற்கொல்லன் அழைக்கப்படவில்லை. இன்றைய நெறியில் இவை இரண்டும் தடைக்குரியன. ஆயினும் இவற்றை முறைவழு என்றே கொள்வோம். நீதி இவற்றால் தவறவில்லை. அரசன் தன்னையே கள்வன் என்றான். குற்றஞ்சாட்டப்பட்டவன்மேல் ஏற்றப்பட்ட பெயர் அப்பெயரை ஏற்றியவன்மேல் மாறியது. கோவலன் குற்றமிலன் என்பதற்கு வேறு தீர்ப்பு வேண்டுவதில்லை.

பாண்டியன் உயிர் கொடுத்து வளைந்த கோலை நிமிர்த்தினான் என்று செங்குட்டுவன் கூறுவதாகக் காட்சிக் காதையில் வருகின்றது. திறனாய்வாளர் பலரும் அச்சேரன் கூற்றையே தம் முடிபாகக் கொண்டனர். அது ஓர் அரசன் மற்றோர் அரசனைப் பற்றிக் கூறிய கூற்று என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். நடுவன் இறத்தல் வழக்குக்கு முடிவு ஆகுமேயன்றித் தீர்வு ஆகாது. அரசனும் தேவியும் வீழ்ந்தனர், அவை கலைந்தது, உண்மைக் கள்வன்மேல் வழக்கு எழவே இல்லை.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது வார்த்திகன் வழக்கு. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் இக்கதையைக் கிளைக்கதை என்று கடந்துபோவார் மிகுதி. தங்கால் என்னும் ஊரிலே வார்த்திகன் என்னும் பார்ப்பனன் மகன் மழலை வாயால் மறை ஓதக் கேட்டு மகிழ்ந்த பராசரன் என்பான் அச்சிறுவனுக்கு அணிகலன் ஈந்தான். வார்த்திகன் இல்லத்தார் திடீரென அணி பூண்டதைக் கண்டு பொறாதார் இருந்தனர். புதையற் பொருளைக் கவர்ந்தான் எனச் சாட்டி, அரசன் ஏவலிளையர் அவனைச் சிறையிட்டனர். மனைவி கார்த்திகை அழுது நிலத்திற் புரண்டாள். ஐயை கோயிற் கதவம் திறவாதாயிற்று. பாண்டியன் வினவி உண்மை அறிந்து, தன் ஆட்சியின் பிழை என ஒப்பி, நிலத்தில் வீழ்ந்து பொறுத்தல் வேண்டினான்; தங்காலையும் வயலூரையும் அளித்தான். கதவமும் திறந்தது.

இரு வழக்கையும் ஒப்பவைத்து நோக்குக. இரண்டிலும் அணிகலன் கையிலிருத்தலே குற்றத்துக்குச் சான்று. இரண்டிலும் அது வந்த வழி நேரியது. இரண்டிலும் வினவாதே பற்றினர். இரண்டிலும் ஒரு மனைவியின் துயரமே வழக்கை மீளத் திறந்தது. வேறுபாடு ஒன்றே: வார்த்திகன் சிறையில் உயிரோடிருந்தான். அவனுக்குத் திருப்பித் தரத்தக்கது ஒன்று அரசனிடம் இருந்தது. இவ்வொப்புமையை அடிகள் கருதியே அமைத்தார் என்று யாம் துணிகின்றோம். கோவலனை இழந்த கண்ணகியிடமே தெய்வம் இக்கதையைக் கூறுகின்றது. பாண்டியர் செங்கோன்மையைப் புகழ்தல் தெய்வத்தின் நோக்கம். ஆனால் கேட்பவள் யார் என்பதை நினைந்தால் அப்புகழுரை எவ்வளவு கசப்பானது! செய்யத்தக்கது இன்னதென அறிந்த குடியே அதனைக் கோவலனுக்குச் செய்யத் தவறிற்று.

இச்சமவெளியிலும் வார்த்திகன் வழக்கை ஒத்தது ஒன்று நிகழ்ந்ததுண்டு. 1882ஆம் ஆண்டு சேலத்தில் எழுந்த கலகத்தை ஒட்டிய வழக்கிலே வழக்கறிஞர் விஜயராகவாச்சாரியார் தண்டிக்கப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் அவ்வளவில் நின்றாரல்லர். அதே கலகத்துக்காகத் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்ட ஏனையோர் விடுதலைக்கும் பாடுபட்டார். மேல்முறையீடு என்னும் கதவம் திறந்திருந்தமையால் அவர் மீண்டார். கதவம் இருந்தும் அதனைத் தட்டுதற்குப் பொருளும் கல்வியும் வேண்டும் என்பதையும் அவ்வழக்கு காட்டிற்று. அவர்போலத் தமக்காகத் தாமே வாதாட வல்லார் கைதானோருள் எத்துணையர் இருந்திருப்பர்?

மூன்றாவது வழக்கு சங்கமன் வழக்கு. கலிங்கத்துச் சிங்கபுரத்தையும் கபிலபுரத்தையும் ஆண்டோர் தம்முட் பகைகொண்ட காலத்திலே, கபிலபுரத்து வணிகனாகிய சங்கமன் சிங்கபுரத்தில் அணிகலன் விற்றான். அரசன் பணியிலிருந்த பரதன் அவனை ஒற்றன் எனப் பற்றிக் காட்டிக்கொடுத்தான், அரசன் கொன்றான். இறந்தவன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து மலையேறி, இது செய்தார் இதுவே பெறுக எனச் சபித்து உயிர்விட்டாள். அப்பரதனே மறுபிறப்பிற் கோவலன். வழக்கை மீளத் திறப்பார் இல்லாத இடத்து நீலிக்கு எஞ்சியது சாபம் ஒன்றே. ஊழ் என்று நாம் பொதுவாகக் கூறுவதனை அடிகள் வெறும் மாயமாக விடவில்லை. விசாரியாது முடிக்கப்பட்ட ஒரு பழைய வழக்கின் தொடர்ச்சியாகவே ஊழைக் காட்டினார். அரசியல் பிழைத்தாரைப் பற்றியது பதிகம் கூறும் மூன்று உண்மைகளுள் முதலாவது. ஊழ் பற்றியது மூன்றாவது. ஊழே எல்லாம் என்பார் முதலாவதற்குப் பொருள் கூறுதல் வேண்டும்.

இம்மூன்றையும் நோக்கியே மறுவிசாரணை எப்போது தகும் என்னும் வினாவுக்கு எம் விடையைக் கூறுகின்றோம். தீர்ப்பு நமக்கு உவப்பாக இல்லை என்பது ஏதுவாகாது. சிறு வழு நேர்ந்தது என்பதும் ஏதுவாகாது. தேர்தல் நிகழ்ந்ததா என்பதே வினா. அது நிகழவே இல்லையெனில் முடிவு சரியாயினும் தவறாயினும் முதலிலிருந்து தொடங்குதல் கடன். நிகழ்ந்து ஓரிடத்தில் மட்டும் குறைபட்டதெனில் அக்குறையை நிரப்புதலே அமையும்.

வடோதராவில் 2002இல் பதினால்வர் கொலையுண்ட பெஸ்ட் பேக்கரி வழக்கில் 2003இல் 21 பேரும் விடுதலை பெற்றனர். சாட்சிகள் அச்சத்தாற் பிறழ்ந்தனர் என்பது கண்டு உச்ச நீதிமன்றம் 2004இல் மகாராட்டிரத்தில் மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. 2006இல் மும்பை நீதிமன்றம் ஒன்பதின்மரைத் தண்டித்தது. 2012இல் உயர் நீதிமன்றம் அவருள் ஐவரை விடுவித்தது. மறுவிசாரணை தண்டனைக்கு உறுதியன்று, தேர்தலுக்கே உறுதி என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. கோகுல்ராஜ் வழக்கிலும் சாட்சிகள் பிறழ்ந்தனர். ஆயினும் விசாரணை முடியுமுன்னரே இடம் மாற்றப்பட்டமையாலும், கோயிலிற் பதிவான காட்சிகள் போன்ற பிற சான்றுகள் நின்றமையாலும், ஆண்டு முழுவதையும் அழிக்கும் தேவை எழவில்லை. காலத்தே செய்யப்பட்ட இடமாற்றம் பின்னர் வேண்டப்படும் மறுவிசாரணையைத் தவிர்க்கும். நாமக்கல்லிலிருந்து அவ்வழக்கு சென்று சேர்ந்த ஊர் மதுரை என்பதைச் சிலம்பு பயின்றார் எண்ணாதிருத்தல் அரிது.

பண்டை நூலை இக்காலச் சட்டங்கொண்டு அளப்பது முறையா என்று வினவுவார் உளர். பாண்டியனை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் தண்டிக்க யாம் முயலவில்லை. ‘தேரா’ என்னும் அளவுகோல் காப்பியத்தினுடையது. காவலரின் தயக்கமும் வார்த்திகனுக்குக் கிடைத்த மீட்சியும் அக்காலத்தார் இவ்வளவுகோலை அறிந்திருந்தனர் என்பதையே காட்டும்.

நான்காவது வழக்கு எஞ்சியுள்ளது. அதனை வழக்கு என்றற்கும் இயலாது. நீர்ப்படைக் காதையில், செங்குட்டுவனுக்கு மாடலன் தென்னாட்டுச் செய்தி கூறுகின்றான்: கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பத்தினிக்கு ஒரு பகலில் பொற்கொல்லர் ஆயிரவரை உயிர்ப்பலி ஊட்டினான் என்று. களவு செய்தவன் ஒருவன். அவன் என்ன ஆனான் எனக் காப்பியம் தனித்துக் கூறவில்லை. அவன் தொழிலினர் என்பதன்றி அவ்வாயிரவர்மேல் வேறு குற்றம் சாட்டப்பட்டிலது. சிலம்பு கையிலிருந்தமை கோவலனுக்கு எவ்வாறு சான்றாயிற்றோ, உலையும் குறடும் கையிலிருந்தமை அவர்க்கு அவ்வாறே சான்றாயிற்று. ஒருவனைத் தேராது கொன்ற பிழைக்குக் கழுவாயாக ஆயிரவரைத் தேராது கொன்றனர். ஒருவன் செயலுக்கு அவன் பிறந்த கூட்டத்தையே பொறுப்பாக்கும் மனநிலை, கூட்டத்தின் பெருமைக்காக ஒருவனைக் கொல்லும் மனநிலையின் மறுபுறம். பின்னதையே 2015இல் திருச்செங்கோட்டிற் கண்டோம்.

மாடலன் இதனைக் குறையாகக் கூறவில்லை. சேரனும் ஒன்றும் வினவவில்லை. அடிகள் உடன்பட்டாரா, உடன்படாது பிறர் வாயில் வைத்துக் கூறினாரா என்பது துணிதற்கு அரிது. ‘தேரான்’ எனத் தம் கூற்றாகவே பாண்டியனைக் கடிந்த புலவர், செழியன் செயலைத் தம் கூற்றாக்காது மாடலன் கூற்றாக்கினார் என்பது மட்டும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. அடியார்க்குநல்லார் உரை ஊர்சூழ்வரியோடு நின்றுவிட்டது. வழக்குரை காதைக்கும் நீர்ப்படைக் காதைக்கும் பழைய உரையாக எஞ்சியது அரும்பதவுரையே. இவ்வாயிரவர் பலிக்குப்பின் பாண்டிநாட்டில் மழை பெய்தது என்று உரைபெறு கட்டுரை கூறும். அக்கட்டுரை பிற்காலத்தது என்பாரும் உளர். அதனை விலக்கினும் நீர்ப்படைக் காதையின் அடிகளை விலக்குதற்கு ஏது இல்லை.